அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க

செப்டம்பர் 19, வியாழக்கிழமை. எழுந்ததும் வாசல் விளக்கை அணைத்தேன். பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு, முதல் நாள் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். கிள்ளானிலிருந்து ஷா ஆலம் போகும் சாலையில் வழக்கமான நெரிசல். அலுவலகத்தில் எனக்கு முந்திய ஷிப்டுக்காரரிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். திரைகளைத் துடைத்தேன். யாரோ குடித்து வைத்திருந்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு நான் இங்கே எழுதப்போகும் மனிதர் வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று பெரிய வேலை ஒன்று இருந்தது. அந்த வேலை முடிந்தால் அவருடைய பெர்மிட் விஷயமும் முடிந்துவிடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும், எழுதுங்கள் என்று அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். அவர் வைத்திருந்த ஒழுங்கு அது. இப்போது அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

எங்களுடையது ரேடியோ லிங்க் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனம். கேபிள் போகாத இடங்களுக்கு, கோபுரத்துக்குக் கோபுரம் எதிரெதிரே தட்டு ஆன்டெனாக்களை வைத்து, அலை வழியாகப் பேச்சையும் தகவலையும் கொண்டு சேர்ப்பது. ஒரே அலையில் பல லைன்கள் சேர்ந்து போகும். இரு முனையிலும் ஒரு பெட்டி இருக்கும். வருகிற ஒவ்வொரு லைனும் எந்தப் போர்ட்டில் இறங்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கிராஸ் கனெக்ட் என்று சொல்வோம். ரயிலுக்குத் தண்டவாளத்தை மாற்றி விடுவது போன்ற வேலை. மாற்றிவிட்டவர் கண்ணுக்கு ரயில் போய்ச் சேர்ந்த இடம் தெரியாது. பச்சை விளக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் பச்சை விளக்கை நம்பாதவர்.

தமிழ்நாட்டில் காரைக்குடிப் பக்கம் அவர் ஊர். பொறியாளர் வேலை பெர்மிட்டில் வந்து, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே நான்கு பேரோடு அறை எடுத்திருந்தார். கொமுட்டர் ரயிலில் வேலைக்கு வருவார். எனக்கு அவர் முதலில் வெறும் குரலாகத்தான் பழக்கம். வேலையில் சேர்ந்த வாரத்திலேயே மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நான் இருக்கும் கண்ட்ரோல் ரூமுக்குப் பேசினார்.

"மேருலேருந்து பேசறேன் மேடம். நாலாவது லைன்ல வரேன். கேக்குதா?"

"கேக்குது. ஓகே."

"ஓகே இருக்கட்டும். அங்க மழையா, வெயிலா?"

"என்னது?"

"மழையா வெயிலான்னு கேட்டேன்."

"இங்க ஜன்னலே கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, நீங்கதான் பேசறீங்க. தேங்க்ஸ் மேடம்."

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. என் வேலையில் திருப்பிக் கேட்கும்படி நான் வைத்துக்கொள்வதில்லை. மறுநாள் நேரில் பார்த்தபோது அதைச் சொன்னேன். மெலிந்த மனிதர், வெளுத்த நீலச் சட்டை, தலையை வலப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்பார், போன் காதில் இல்லாதபோதும் அப்படித்தான்.

"உங்கள நம்பாம இல்ல மேடம். லைன் எங்கயாவது லூப்ல கிடந்தா நான் ஹலோன்னா ஹலோன்னுதான் திரும்பி வரும். ஓகேன்னா ஓகேன்னு வரும். மழையான்னு கேட்டா மழைன்னு வராது பாருங்க."

லூப் என்பது எங்கள் வேலையில் தினமும் போடுவது. அனுப்பியது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, பாதி வழியில் அதைத் திருப்பி அனுப்பியவருக்கே வரும்படி வளைத்துவிடுவோம். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் விளக்கு பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் பெட்டிக்கு ஏதோ ஒரு சிக்னல் வந்துகொண்டுதானே இருக்கிறது. எங்கள் டெக்னீஷியன் ஒருவன் மேருவில் அப்படி ஒரு லூப்பை விட்டுவிட்டு, போனை எடுத்து ஹலோ சொல்லி, தன் ஹலோவையே காதில் வாங்கி, "லைன் கிளியர் லா, குரல்கூட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். தொழிற்சாலைக்காரர்கள் ஒரு வார இறுதி முழுக்க யாரோடும் பேச முடியாமல் கிடந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவரை அங்கே அனுப்பியிருந்தார்கள். "டேய், உன் குரல் நல்லாத்தான் இருக்கு, பாட்டுக் கிளாசுக்குப் போடா" என்று அந்தப் பையனை அலுவலகத்தில் வெகு நாள் கிண்டல் செய்தார்கள். இவர் மட்டும் செய்யவில்லை. அவருக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

இது வேலையோடு நின்றிருந்தால் எழுத ஒன்றுமில்லை. அவர் எல்லாவற்றுக்கும் அப்படியே இருந்தார். யாராவது "நான் சொல்லிட்டேன்" என்றால் உடனே அவரிடமிருந்து ஒரு வாக்கியம் வரும்: "சொன்னது சரி. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க?" மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன் என்றாலும் அதே கேள்வி. பாதுகாவலரிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன் என்றாலும் அதே கேள்வி. கேட்கும்போது குரலை உயர்த்த மாட்டார், முறைக்க மாட்டார். பதில் வரும்வரை தலையைச் சாய்த்தபடி நிற்பார். அதுதான் எரிச்சல்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் ஒருமுறை நாங்கள் சிலர் அவரோடு சாப்பிட்டோம். எல்லோருக்கும் தேநீர் சொன்னார். பரிமாறுகிறவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, என்ன சொன்னேன்?"

"தே தானே பாஸ்."

"எத்தனை? எது எது?"

பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்தார். "மூணு தே தாரேக், ஒண்ணு தே ஓ கோசோங், அது இந்த அக்காவுக்கு, சீனி இல்லாம. சரியா? தினமும் இதே பாடுதான். இவருக்கு ஒரு தண்ணி கொண்டாந்து வைக்கிறதுக்கு நான் சத்தியப்பிரமாணம் எடுக்கணும் லா."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தேநீர் சொன்னபடியே வந்தது. பக்கத்து மேசைக்கு வேறு எதுவோ மாறி வந்திருந்தது என்பதையும் நான் கவனித்தேன்.

என்னிடமும் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டார். முந்திய ஆண்டு தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்கு வர முடியாது, ஷிப்ட் இருக்கிறது என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பேச்சுவாக்கில் அதை இவரிடம் சொன்னேன்.

"என்ன சொன்னாங்க?"

"ப்ளூ டிக் விழுந்துச்சு."

"அது விளக்கு மேடம். தங்கச்சி என்ன சொன்னாங்க?"

"அது என் வீட்டு விஷயம்" என்றேன். மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் லிப்டில் பார்த்தபோது, "அந்தத் தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். அவர் வாயை அடைப்பதற்காகவே அன்று மாலை தங்கையைக் கூப்பிட்டேன். அவள் என் செய்தியைத் திறந்திருக்கிறாள், பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான், பிறகு மறந்துவிட்டாள். எனக்கும் சேர்த்து முறுக்கு மாவு வாங்கி வைத்திருந்தாள். நான் இதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் இது நல்லதாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். கணக்குப் பிரிவில் ஒருவருக்குத் தந்தை இறந்தபோது எல்லோரும் குழுவில் இரங்கல் செய்தி போட்டார்கள். இவர் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனிதர் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது முறை எடுத்து, "பிரதர், உங்க மெசேஜ் பார்த்துட்டேன். என்னைக் கொஞ்சம் சும்மா விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம். "இல்ல மேடம், சாப்பிட்டாரான்னு கேக்கலாம்னுதான்" என்றார் என்னிடம். அந்த மனிதர் பிறகு வெகு நாள் இவரோடு பேசவில்லை. தவறு இவர் மேல்தான் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார். மனைவி, பள்ளியில் படிக்கும் ஒரு மகள். அந்த வழியாக நான் காருக்கு இறங்கும்போது காதில் விழும்.

"சாப்பிட்டாளா? சரி, அவகிட்ட குடு... ஏன், தூங்கினா எழுப்பிக் குடு."

ஒருநாள் ஸ்பீக்கரில் வைத்திருந்தார். மகளின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "அப்பா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மழை இல்ல. சாப்ட்டேன். வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன். நான் நான்தான். போதுமா?"

அவர் என்னைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை அணைத்தார். காது சிவந்திருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய பெர்மிட் முடிய இருந்தது. நிறுவனம் கடிதம் கொடுத்தால் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கடிதத்தை எழுதுவது கோலாலம்பூரில் இருந்த தலைமை அலுவலகத்தின் எச்.ஆர். பிரிவு. எழுதச் சொல்ல வேண்டியவர் எங்கள் மேனேஜர். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கிள்ளான் ஆள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், தீபாவளிக்கு எல்லோருக்கும் தம் கையால் பலகாரம் கொடுப்பார். ஒரே நேரத்தில் பத்து விஷயத்தைத் தலையில் வைத்திருப்பவர். எதைக் கேட்டாலும் "சொல்லிட்டேன் லா" என்பார்.

19-ஆம் தேதி வேலை ஜெஞ்சாரோமுக்கு அப்பால் கடலை ஒட்டி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு. தோட்ட ஆபீசில் இருந்த பழைய பெட்டியை முதல் நாள் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தார்கள். லைன்களை எல்லாம் புதிய பெட்டியில் இறக்கிவிட வேண்டியது இவர் பொறுப்பு. ஷா ஆலமிலிருந்தே திரையில் செய்யலாம். மேனேஜர் காலையில் வந்து மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

"பிரதர், அஞ்சு மணிக்கு முன்னாடி டெஸ்ட் எல்லாம் ஓகேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. தோட்டத்துக்காரங்க அஞ்சுக்கு ஆபீஸ் மூடிடுவாங்க. அவங்க சைன் வந்த உடனே நான் எச்.ஆருக்குப் போன் அடிச்சு உங்க லெட்டரச் சொல்லிடறேன். இந்த ஜாப்பக் காட்டித்தான் உங்களுக்குக் கேக்கப் போறேன், புரியுதா?"

"புரியுது சார்."

மத்தியானத்துக்குப் பிறகு எல்லா லைனும் பச்சை. ஒவ்வொன்றாகத் தோட்டத்தைக் கூப்பிட்டு, ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆளைப் பேச வைத்து, மழையா வெயிலா என்று கேட்டு முடித்தார். ஒன்று மட்டும் மிச்சம்.

அது சிவப்புப் போன். தோட்டத்து நிலம் தாழ்வானது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியே உள்ளே வராமல் இருக்க மண்கரையும் ஓர் இரும்பு மதகும் உண்டு. கரைக்கு இந்தப் பக்கம் தொழிலாளர் வீடுகள் ஒரு வரிசை. மதகுக்குப் பக்கத்தில் பம்ப் ஹவுஸ். அங்கே ஒரு சிவப்புப் போன், தோட்ட ஆபீசில் அதற்கு ஜோடி. ஒன்றைத் தூக்கினால் எண் அழுத்தாமலே மற்றது மணியடிக்கும். ஆபீசிலிருந்து மணி வந்தால் பம்ப்மேன் எடுத்துப் பேச மாட்டார், நேரே போய் மதகை இறக்கிவிடுவார். அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். அதனால் ஆபீசில் அந்தப் போனைச் சும்மா யாரும் தொடக்கூடாது. கண்ட நேரத்தில் மதகு இறங்கினால் உள்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வீடுகள் பக்கம் தேங்கிவிடும்.

ஆபீஸ் கிளார்க் ஓர் இளம் பெண். சாதாரண லைனில் இவரோடு பேசினாள்.

"சிவப்புப் போன் ஓகே அங்கிள்."

"எடுத்துப் பேசினியாம்மா?"

"எடுக்கக் கூடாது அங்கிள், எங்க தோட்ட மேனேஜர் ஏசுவாரு. ஆனா லைட்டு எரியுது."

"பம்ப்மேன் கைபேசிக்கு ஒரு தடவை போட்டுப் பாரேன். நான் மணியடிக்கப் போறேன், மதகை இறக்காம எடுத்துப் பேசுங்கன்னு சொல்லு."

"அங்க சிக்னல் இல்ல. கைபேசிய அவரு மோட்டார் சைக்கிள் கூடையில போட்டு வச்சிருப்பாரு. அதுல கோழிதான் உக்காரும்."

இவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். எங்கள் மேனேஜர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாம் பச்சைதானே? போடுங்க கையெழுத்து."

"ஒண்ணு பாக்கி இருக்கு சார். பம்ப் ஹவுஸ் ஆள் குரல் கேக்கல."

"பச்சை இருக்கே பிரதர்."

"பச்சை இருக்கு சார்."

"அப்புறம் என்னா?"

"இன்னிக்குச் சாயங்காலம் பெரிய அலை. பௌர்ணமி ஒட்டி வர்றது. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"இப்பப் போனா அஞ்சுக்குள்ள எப்படித் திரும்புவீங்க? அப்புறம் லெட்டர் லேட் ஆச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." மேனேஜர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க அக்கா" என்றார். எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது.

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பம்ப் ஹவுஸிலிருந்து அவர் என்னை அழைத்தபோது காற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது. கரைக்கு மேலே ஏறினால்தான் சிக்னல். அவர் கரை மேல் கைபேசியோடு நிற்கிறார், கீழே பம்ப்மேன் சிவப்புப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். நான் மேசைப் போனில் கிளார்க் பெண்ணை வைத்துக்கொண்டேன்.

"தூக்கிட்டாரு மேடம். அந்தப் பக்கம் அடிக்குதான்னு கேளுங்க."

கேட்டேன். "இல்லக்கா" என்றாள். "இங்க அடிக்கல. ஆனா லைட்டு எரியுது." கொஞ்சம் பொறுத்து, "அக்கா, எங்கயோ மணி அடிக்குது. எடைமேடை ரூம்ல அடிக்குதுக்கா. அது பூட்டியிருக்கு, அங்க யாரு போன் வச்சா?"

அப்படியே அவரிடம் சொன்னேன்.

"மேடம், பழைய பெட்டி போர்ட்ட ஒண்ணுலேருந்து எண்ணும். புதுசு பூஜ்யத்துலேருந்து எண்ணும். மத்ததையெல்லாம் மாத்திப் போட்டேன். இது ஒண்ண பழைய நம்பர்லயே போட்டுட்டேன். என் தப்பு. எடைமேடையில ஏதோ பழைய போன் தொங்குது போல, அதான் பச்சை காட்டுது. மூணை எடுத்துட்டு ரெண்டு போடுங்க. முதல்ல ரெண்டு காலியான்னு பாருங்க."

"ரெண்டு காலி. மூணை எடுக்கறேன், ரெண்டு போடறேன். சரியா?"

"சரி."

போட்டேன். விளக்கு ஒரு கணம் சிவந்து மறுபடி பச்சையானது. முன்பு இருந்த அதே பச்சை.

மேசைப் போனில் அந்தப் பெண் கத்தினாள். "அய்யோ அக்கா, சிவப்பு அடிக்குது! எடுக்கவா?"

"எடும்மா."

அவள் எடுத்தாள். ஒரு காதில் அவள் குரலும் மறு காதில், கரைக்குக் கீழேயிருந்து, பம்ப்மேன் குரலும் எனக்கு விட்டு விட்டுக் கேட்டன.

"ஹலோ, யாரு?"

"ஆபீஸ் லா! நீங்க யாரு?"

"நான்தாம்மா. என்னா, மதகை இறக்கவா?"

"வேணாம் வேணாம்! சும்மா டெஸ்ட்டு!"

கரை மேலிருந்து இவர் கூவினார். "அண்ணே, அங்க மழையான்னு கேளுங்க!"

"ஏன் தம்பி, ரெண்டும் ஒரே தோட்டம்தானே? இங்க காஞ்சா அங்கயும் காயும்!"

"பரவால்ல அண்ணே, கேளுங்க!"

கேட்டார். அவள் வெயில் என்றாள். இவர் "தேங்க்ஸ் மேடம்" என்று அழைப்பைத் துண்டித்தார். அப்போது ஐந்து மணி தாண்டிவிட்டது.

மாலை கடல் ஏறியது. கிளார்க் பெண் அன்று வீட்டுக்குப் போகாமல் இருந்து, அவர்கள் மேனேஜர் சிவப்புப் போனைத் தூக்கியதையும் மதகு இறங்கியதையும் எனக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். என் ஷிப்ட் முடிந்திருந்தது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வேனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது காலணியெல்லாம் சேறு. உட்கார்ந்து அறிக்கையைத் தட்டினார். எங்கள் மேனேஜர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து தோளுக்கு மேலாகப் படித்தார்.

"'என் தவறு'ன்னு எதுக்கு பிரதர்? சின்ன அட்ஜஸ்ட்மென்ட்டுன்னு போடுங்க."

"தப்புதானே சார்."

"சரி, உங்க இஷ்டம்." மேனேஜர் கதவு வரை போனார்.

இவர் எழுந்து நின்றார். "சார், அந்த லெட்டர்..."

"சொல்லிட்டேன் லா பிரதர். எச்.ஆர்ல சொல்லியாச்சு. கவலப்படாதீங்க."

நான் அவரைப் பார்த்தேன். தலை வலப் பக்கம் சாய்ந்தது. அடுத்து வரப்போகும் வாக்கியம் எனக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்திருக்கும், சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"சரி சார். ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

மேனேஜர் போய்விட்டார். லிப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. இவர் கணினியை அணைத்து, காகிதத்தால் காலணியைத் துடைத்தார்.

"நீங்க கேக்கலையே" என்றேன்.

"எதை மேடம்?"

"அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு."

காகிதத்தை நான்காக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "அது நம்ம விஷயமாச்சே மேடம். நம்ம விஷயத்துக்கு எப்படிக் கேக்கறது?"

பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கினார். சற்று நேரம் கழித்து நான் இறங்கியபோது அவர் வழக்கமாக உட்காரும் படியில் இருந்தார். கைபேசி கையில் இருந்தது, பேசவில்லை. "ரயில் இருக்கு மேடம், போறேன்" என்று எழுந்துகொண்டார். நான் கிள்ளானுக்கு வந்து குளித்து, காலையில் செய்த பொங்கலைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கண்ட்ரோல் ரூமில் கைப்பையை வைத்ததும், திரையைத் துடைப்பதற்கு முன், பொறுப்பை வாங்குவதற்கு முன், தலைமை அலுவலகத்தை அழைத்து எச்.ஆர். பிரிவைக் கேட்டேன். இப்படி அடுத்தவர் விஷயத்தில் அழைப்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரு பெண் எடுத்தாள்.

"பெர்மிட் லெட்டரா அக்கா? இல்லையே, அப்படி யாரும் சொல்லலையே."

"நேத்து எங்க மேனேஜர் கூப்பிட்டாரில்ல?"

"கூப்பிட்டாரு. ஆனா அது உங்க ஆபீஸ் ஏர்கோன் விஷயமா. லெட்டர் பத்தி ஒண்ணும் பேசல. அவசரமாக்கா? இமிகிரேஷனுக்குப் போறதெல்லாம் இன்னிக்கு மத்தியானம் கட்டி அனுப்பிடுவோம். அடுத்தது அடுத்த மாசம்தான்."

"அவருக்கு இந்த மாசத்தோட முடியுது."

"ஓ. அப்ப இன்னிக்கே போடணும். பேரு சொல்லுங்க, நான் பாஸ்கிட்ட கன்பர்ம் பண்ணிக்கறேன்."

பெயரைச் சொன்னேன். வெளிவேலைப் பதிவேட்டைப் பார்த்துப் பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னேன்.

"சரிக்கா, எழுதிட்டேன்."

"எழுதினதைப் படி" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு படித்தாள். எண்ணில் கடைசி இரண்டும் இடம் மாறியிருந்தன. திருத்தினேன். மறுபடியும் படிக்கச் சொன்னேன். படித்தாள்.